முடி கொட்டவைத்த கல்

முடி கொட்டுவதற்கு நம்மூரில் காரணங்களுக்குப் பஞ்சமே கிடையாது. போர் தண்ணீர், ஹெல்மெட், நைட் ஷிஃப்ட், அப்பா வழிச் சொத்து, மேனேஜர். கல்யாணம் ஆகாத கவலை, ஆகிவிட்ட கவலை. இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத காரணம் ஒன்று இருக்கிறது. கல்! கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு கடலடியில் சேறாகப் படிந்து, அமுங்கி, இறுகிப்போன கறுப்புக் கல்.

'மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே' என்பீர்கள். போட்டுக் காட்டுகிறேன், பொறுமையாக வாருங்கள்.

2024 டிசம்பர் கடைசி. மஹாராஷ்டிராவில் புல்டானா மாவட்டம், ஷேகாவ் பக்கத்துக் கிராமங்களில் ஜனங்களுக்குத் திடீரென்று முடி கொட்ட ஆரம்பித்தது. கொட்டியது என்றால் நம்மைப் போல் சீப்புக்கு நாலு முடி இல்லை. கை வைத்தால் கொத்தாகக் கையோடு வந்தது. மூன்று நாலு நாளில் மொட்டை. ஆண், பெண், காலேஜ் பையன், பள்ளிக்கூடக் குழந்தை என்ற பேதமே இல்லை. 18 கிராமங்களில் 250 பேருக்கு மேல். ஷாம்பூவா, பூஞ்சைக் காளானா, கிணற்றுத் தண்ணீரா என்று அதிகாரிகள் ஜீப்பில் வந்து பாட்டில் பாட்டிலாக சாம்பிள் எடுத்துப் போனார்கள். வெட்கப்பட்டு வெளியே வராத பிள்ளைகளைப் பற்றியும், நின்றுபோன கல்யாணங்களைப் பற்றியும் பத்திரிகைகளில் வந்தது.

தேள்கடி வைத்தியத்தில் உலகப் பெயர் வாங்கியவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். அவர் 2025 பிப்ரவரியில் ஒரு தகவலைச் சொன்னார்: பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும் முடியிலும் செலினியம் எக்கச்சக்கமாக இருக்கிறது, சந்தேகம் ரேஷன் கடைக் கோதுமையின் மேல். அந்தக் கேஸில் தீர்ப்பு எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் 'செலினியம்', 'மொட்டை' என்ற இரண்டு வார்த்தைகளை ஒரே வரியில் பார்த்ததும், எனக்கு ஒரு சீனக் கிராமம் ஞாபகத்துக்கு வந்தது.

எரிகிற கல்

சீனாவின் நடுவில் ஹூபெய் மாகாணம். அதன் தென்மேற்கு மூலையில் மலையும் மூடுபனியுமாக என்ஷி வட்டாரம். நெல், மக்காச்சோளம், காய்கறி, நாலு பன்றி என்று பிழைக்கிற ஜனங்கள். விறகுக்கு அலையவேண்டாம் என்று மலையே அவர்களுக்கு ஒரு சலுகை கொடுத்திருந்தது. பார்த்தால் கல், பற்றவைத்தால் கரி! 'கல் நிலக்கரி' என்று பெயர். உண்மையில் அது நிலக்கரி இல்லை. கரிச்சத்து நிறைந்த ஷேல் என்ற பாறை. வெட்டி எடுத்து எரித்தார்கள், சாம்பலை வயலுக்குப் போட்டார்கள். செலவில்லாத அடுப்பு, செலவில்லாத எரு. யாருக்குத்தான் கசக்கும்?

1961-லிருந்து 1964-க்குள் விபரீதம் ஆரம்பித்தது. முடி உலர்ந்து, வேரோடு உதிர்ந்தது. நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்து, உடைந்து, கடைசியில் நகமே கழன்று விழுந்தது. தோல் வெடித்தது. முற்றியவர்களுக்குக் கைகால் மரத்து, சிலருக்கு வாதமே வந்தது. மிகவும் அடிபட்ட ஐந்து கிராமங்களில் மொத்தம் 248 பேர். அதில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வியாதி. யூடாங்பா என்ற குட்டிக் கிராமத்தில் 1963-ல் இருந்த 23 பேரில் 19 பேருக்கு முடியும் நகமும் போயிற்று. ஆடு மாடு பன்றி எல்லாம் செத்தன. மிச்சமிருந்தவர்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள்.

யாங் குவாங்சி என்ற சீன விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் இதைத் துப்பறிந்து, 1983-ல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் விவரமாக எழுதினார்கள். குற்றவாளி செலினியம். அந்த ஜனங்கள் சாப்பாட்டில் தினம் சராசரியாக 5 மில்லிகிராம் செலினியம் தின்றுகொண்டிருந்தார்கள். '5 மில்லிகிராம்தானா? பூ!' என்காதீர்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 55 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டு, அதில் 55 பங்கு. டப்பாவில் வருகிற தூள் உப்பின் ஒரே ஒரு துணுக்கு ஏறக்குறைய அவ்வளவு எடை இருக்கும். என்ஷிக்காரர்கள் அதைப்போல் 90 மடங்கு தின்றார்கள்.

இதில் என்னைத் தூங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கல் அங்கே ஆதிகாலத்திலிருந்து இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஜனங்களும் இருக்கிறார்கள். அதென்ன 1961?

பதில்: சாப்பாடு. சீனா முழுக்கப் பஞ்சம் தலைவிரித்தாடி முடிந்த சமயம். என்ஷியில் மழை பொய்த்து நெல் போயிற்று. கைக்குக் கிடைத்த மக்காச்சோளத்தையும் காய்கறியையும் கீரையையும் மட்டும் தின்றார்கள். அவையெல்லாம் அந்தக் கறுப்பு மண்ணில் விளைந்தவை. போதாததற்கு, வயலுக்குச் சுண்ணாம்பு போடுகிற வழக்கம். அது மண்ணிலிருக்கிற செலினியத்தை இன்னும் சுலபமாக வேருக்குத் தூக்கிக் கொடுத்தது. நாலு ஊர் அரிசி, கொஞ்சம் கறி, மீன் என்று கலந்து சாப்பிடுகிறவனுக்கு ஒரு மண்ணின் கோளாறு தெரியாது. ஒரே மண்ணில் விளைந்ததையே மூன்று வேளையும் தின்னவேண்டிய ஏழைக்குத்தான் அது தெரியும்.

கூவம் ரகசியம்

சரி, கல்லுக்குள் இது எப்படி வந்தது? சென்னைக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கூவம் பாலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறீர்களே, அந்த அழுகின முட்டை நாற்றம்தான் இந்தக் கதையின் முதல் அத்தியாயம்.

கடலின் மேல்மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடானுகோடியாகப் பிறந்து செத்துக் கீழே விழுந்துகொண்டே இருக்கின்றன. சாதாரணக் கடலில் வேறு பிராணிகள் அவற்றைத் தின்று தீர்த்துவிடும். சில இடங்களில் அடியில் பிராணவாயுவே இருக்காது. இப்போதும் கருங்கடலில் சுமார் 200 மீட்டருக்குக் கீழே அப்படித்தான். அங்கே புழு, நண்டு எதுவும் பிழைக்காது. பிராணவாயு இல்லாமலே குடித்தனம் நடத்தத் தெரிந்த சில பாக்டீரியாக்கள் மட்டும் கடல்நீரிலிருக்கிற சல்ஃபேட்டைப் பிடித்துச் சுவாசித்து, ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடும். அதுதான் அந்த நாற்றம். செத்த பாசி தின்பாரில்லாமல் கறுப்புச் சேறாகச் சேரும்.

கடல்நீரில் யுரேனியம், மாலிப்டினம், வனேடியம், செலினியம் என்று பல தனிமங்கள் நூலிழை அளவுக்குக் கரைந்திருக்கின்றன. பிராணவாயு உள்ள தண்ணீரில் இவையெல்லாம் சமர்த்தாகக் கரைந்தே இருக்கும். இந்த நாற்றச் சேற்றுக்குள் வந்தால் குணம் மாறி, கரைய முடியாமல் போய், சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். நம் வீட்டுப் பரண் மாதிரி. போன தீபாவளி டப்பா, பழைய டேப்ரெக்கார்டர், தாத்தாவின் குடை எல்லாம் மேலே ஏறும், எதுவும் இறங்காது. லட்சக்கணக்கான வருஷம் இப்படிச் சேர்ந்து, மேலே மண் ஏறி அழுத்தி, சேறு கல்லாகும். அதுதான் கறுப்பு ஷேல். ஏடு ஏடாகப் பிரியும். அது இன்னும் அமுங்கி வெந்தால் சிலேட்டு. நாம் அ, ஆ எழுதி எச்சில் தொட்டு அழித்தோமே, அதே சாமான்.

சேர்மானம் எவ்வளவு தெரியுமா? பூமியின் சாதாரணப் பாறை ஒரு டன்னில் செலினியம் சுமார் 50 மில்லிகிராம்தான். என்ஷியின் கல் நிலக்கரியில் சராசரியாக டன்னுக்கு 300 கிராம். பொறுக்கியெடுத்த சில துண்டுகளில் டன்னுக்கு 80 கிலோ கணக்குக்கும் மேலே போயிற்று!

முக்கியமான விஷயம், இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்தக் கல் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. சுமார் 26 கோடி வருஷமாக மலைக்குள் பேசாமல் படுத்திருந்தது. காற்றும் தண்ணீரும் படாதவரை பரண் பூட்டியே இருக்கும். வெட்டினாலோ, எரித்தாலோ, தண்ணீர் பாய்ச்சினாலோ பூட்டு திறக்கும். பிராணவாயு பட்டதும் செலினியம் மறுபடி கரைகிற குணத்துக்கு வந்து, தண்ணீரோடு கிளம்பிவிடும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இந்தச் சங்கை உலகமெங்கும் ஊதியிருக்கிறார்கள்.

அண்ணனும் தம்பியும்

செலினியத்தை 1817-ல் கண்டுபிடித்தவர் ஸ்வீடனின் பெர்ஸேலியஸ். கந்தக அமிலத் தொழிற்சாலையில் படிந்த செம்மண் கலர் வண்டலைப் பார்த்து முதலில் டெல்லூரியம் என்று நினைத்தார். டெல்லூரியம் என்றால் பூமியின் பெயர். இது அதற்குப் பக்கத்து வீடு என்று தெரிந்ததும் நிலவின் கிரேக்கப் பெயரான செலினியை வைத்தார். ஆபீஸ்காரர்களுக்கு இது தெரியாத ஆள் இல்லை. பழைய ஜெராக்ஸ் மெஷின்களின் டிரம்மில் பூசியிருந்தது செலினியம்தான். பொடுகுக்கு டாக்டர் எழுதித் தருகிற ஷாம்பூ ஒன்றில் இருப்பது செலினியம் சல்ஃபைடு. தலைக்கு வெளியே மருந்து, உள்ளே போனால் மொட்டை.

ஏன் முடியையும் நகத்தையும் குறிவைக்கிறது? தனிம அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே நிற்பது செலினியம். அண்ணன் தம்பி ஜாடை. செடிகளுக்கே அடையாளம் தெரிவதில்லை. புரதம் கட்டும்போது கந்தகம் நிற்கவேண்டிய இடத்தில் செலினியத்தை நிறுத்திவிடுகின்றன. முடியும் நகமும் கெரட்டின் என்ற புரதம். அதன் உறுதியே கந்தகம் கந்தகத்தோடு கைகோத்துக்கொள்வதில்தான் இருக்கிறது. அண்ணன் இடத்தில் தம்பி நின்றால் பிடி தளர்ந்துவிடுகிறது என்று விளக்கம் சொல்கிறார்கள்.

'அப்படியானால் இந்தச் சனியனே வேண்டாம்' என்று ஒதுக்கவும் முடியாது. சீனாவின் வடகிழக்கில் கெஷான் என்ற ஊர். 1935-ல் அங்கே இளம் பெண்களும் குழந்தைகளும் இதயத் தசை செயலிழந்து செத்தார்கள். வியாதிக்கு ஊர்ப் பெயரே வந்துவிட்டது. மண்ணில் செலினியம் போதவில்லை என்பது பிறகு தெரிந்தது. 1970-களில் சிச்சுவான் மாகாணக் குழந்தைகளுக்குச் செலினியம் மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் வியாதி மளமளவென்று குறைந்தது.

இன்னும் வேடிக்கை, என்ஷி வட்டாரத்திலேயே இரண்டு வியாதியும் இருந்தது. கறுப்பு ஷேல் மேல் இருந்த கிராமங்களில் முடி போயிற்று. அதே வட்டாரத்தில் மணற்பாறை மேல் இருந்த கிராமங்களில் இதயம் போயிற்று. எந்தப் பாறை மேல் தாத்தா குடிசை போட்டார் என்பதில் இருந்தது பேரன் தலையெழுத்து! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நமக்குத் தெரியும். இங்கே அளவுக்குக் குறைந்தாலும் எமன் வருகிறான்.

கலிஃபோர்னியாவின் குஞ்சுகள்

என்ஷியில் படிப்பறிவில்லாத ஏழை ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று உச்சுக்கொட்டினால், அடுத்த காட்சி அமெரிக்கா. எஞ்சினியர்கள் பிளான் போட்டு, பட்ஜெட் பாஸாகி, பாலைவனத்தைப் பச்சையாக்கிய கதை.

கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கு. மேற்கே கரையோர மலைத்தொடர். அதில் பழைய கடலடி ஷேல் பாறைகள். மலையிலிருந்து அரித்து வந்த மண்ணே சமவெளி வயல். மழை குறைச்சல் என்பதால் மண்ணிலிருந்த உப்பும் செலினியமும் அப்படியே தங்கியிருந்தன. 1960-களில் தூரத்திலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பருத்தியும் தக்காளியும் பிரமாதமாக விளைந்தன. ஆனால் கீழே களிமண் அடுக்கு. பாய்ச்சின தண்ணீர் இறங்க வழியில்லாமல் உப்பைக் கரைத்துக்கொண்டு வேருக்கே ஏறிவந்தது.

வழி? வயலுக்கு அடியில் குழாய் பதித்து, உப்புத் தண்ணீரை வடித்து, கான்கிரீட் கால்வாயில் கடலை நோக்கி அனுப்புவது. சான் லூயி வடிகால் என்று பெயர். காசும் சண்டையும் குறுக்கே வந்ததால் வழியிலேயே நின்றுபோயிற்று. நின்ற இடம் கெஸ்டர்சன். அங்கே 12 குளங்களை வெட்டி, 'தண்ணீருக்குத் தண்ணீரும் ஆச்சு, பறவைகளுக்குச் சரணாலயமும் ஆச்சு' என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்தார்கள்.

1981 வாக்கில் குளத்துக்கு வந்த தண்ணீர் முழுக்க வயல் வடிகால் நீர்தான். முதலில் மீன்கள் காணாமல் போயின. மிஞ்சியது ஒரே ஜாதி: கம்பூசியா. கொசுப்புழு தின்னும் என்று நம்மூர்க் கிணறுகளில் விடுகிறார்களே, அதே மீன். எதற்கும் சாகாத ஜன்மம். 1983 வசந்தத்தில் மத்திய அரசின் மீன், வனவிலங்குத் துறை விஞ்ஞானி ஹாரி ஓலன்டார்ஃப் குழுவினர் கூடுகளைப் பார்க்கப் போனார்கள். முட்டைகளுக்குள் கண் இல்லாத குஞ்சுகள். அலகு கோணினவை. கால் இல்லாதவை. மூளை வெளியே பிதுங்கினவை. பார்த்த கூடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட குஞ்சு குறைந்தபட்சம் ஒன்றாவது இருந்தது.

தண்ணீரில் செலினியம் நூறு கோடிக்குச் சுமார் 300 பங்கு. குடித்தால் உடனே விழுகிற விஷமில்லை. தண்ணீரிலிருந்து பாசிக்குப் போகும்போது பல நூறு மடங்காகிறது. பாசியைப் பூச்சி தின்கிறது. பூச்சியைப் பறவை தின்கிறது. பறவை அந்தப் புரதத்தை அப்படியே முட்டைக்குள் வைத்துத் தைத்துவிடுகிறது. தாய்ப்பறவை நன்றாகத்தான் இருக்கும். வட்டி கட்டுவது குஞ்சு.

1985 மார்ச்சில் உள்துறை அமைச்சர் குளங்களை மூடச்சொன்னார். 1986-ல் வடிகால் நின்றது. 1988-ல் பள்ளங்களை மண் போட்டு மூடினார்கள். இதில் எனக்கு ஆத்திரம் வருவது ஒரு சமாசாரத்துக்காக. ஷேல் நிலத்தில் செலினியம் உண்டு என்பது அமெரிக்காவுக்குப் புதிதே இல்லை. 1856-லேயே, இப்போது தெற்கு டகோட்டாவில் இருக்கிற ஃபோர்ட் ராண்டால் ராணுவ முகாமில் மேடிசன் என்ற டாக்டர், குதிரைகளுக்குப் பிடரிமயிரும் வாலும் கொட்டி, குளம்பு கழன்று செத்ததை எழுதிவைத்திருக்கிறார். 1930-களில் அதற்குச் செலினியம்தான் காரணம் என்று நிரூபித்தார்கள். நிலத்திலிருந்த ஷேலும் தெரியும், விஷமும் தெரியும். ஆனால் பாறையைப் பற்றித் தெரிந்தவர் ஒரு ஆபீஸ், தண்ணீர் விடுகிறவர் வேறு ஆபீஸ். ஃபைல் மட்டும் போகவில்லை. நம்மூர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

நம்ம தேசம், அடுத்த தேசம்

பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சில கிராமங்களில் மாடு எருமைகளுக்கு முடி கொட்டுவதும் கொம்பும் குளம்பும் கழல்வதும் 1980-களிலிருந்தே தெரிந்த விஷயம். லூதியானா விவசாயப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மண்ணையும் கோதுமையையும் சோதித்து, செலினியம் அதிகம் என்று எழுதினார்கள். அங்கே அடியில் கறுப்பு ஷேல் கிடையாது. ஷிவாலிக் மலையிலிருந்து வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல். இடம் வேறானாலும் வழி அதேதான்: பாறை, மண், பாசனம், பயிர், வயிறு. ஒரு வித்தியாசம், என்ஷிக்காரன் தன் மண்ணில் விளைந்ததைத் தானே தின்றான். இப்போது கோதுமை ரயிலேறுகிறது. ஒரு மண்ணின் குணம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவன் தட்டில் சப்பாத்தியாக வந்து உட்காரலாம். பவாஸ்கரின் சந்தேகத்துக்கு அர்த்தம் அதுதான்.

செலினியத்தை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. பரணில் வேறு சாமான்களும் இருக்கின்றன. ஸ்வீடனில் சுமார் 50 கோடி வருஷப் பழசான படிகார ஷேல் என்று ஒன்று உண்டு. அதில் யுரேனியம். 1929-லிருந்து 1975 வரை அந்த ஷேலை எரித்துச் சேர்த்து, லேசான கான்கிரீட் கட்டிகள் செய்து, ஊர் ஊராக வீடு கட்டினார்கள். கொஞ்சம் நீலச் சாயல்; 'நீல கான்கிரீட்' என்று செல்லப் பெயர். விலை மலிவு, குளிர் தாங்கும். யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து ரேடான் வாயு சுவர் வழியாகக் கசிந்தது. நிறமில்லை, மணமில்லை, வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். 1973 பெட்ரோல் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருளை மிச்சம் பிடிக்க ஜன்னல் இடுக்கெல்லாம் அடைத்தார்கள். வாயு வெளியே போக இருந்த வழியும் அடைந்தது! பேங்க் லோன் போட்டுக் கட்டின வீடு, இடிக்கவா முடியும்? இப்போது ரேடான் அளந்து பார்த்து, காற்றோட்டம் செய்து சமாளிக்கிறார்கள்.

கனடாவில் நிலக்கரி வெட்டும்போது வெளியே கொட்டிய பாறை மலையிலிருந்து செலினியம் ஆற்றுக்குப் போனது. 2021-ல் கோர்ட் அந்தக் கம்பெனிக்கு 6 கோடி கனடா டாலர் அபராதம் போட்டது. வெட்டினது நிலக்கரிக்காக, வம்புக்கு வந்தது கூட வந்த கல்.

இதனால் சுரங்கமே வேண்டாம், பாசனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரண்ட் இல்லாமல் அரைமணி நம்மால் இருக்க முடியாது. சொல்வது இவ்வளவுதான்: கறுப்புக் கல்லை வெட்டுவதற்கு முன்னால் அதில் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று அளக்கவேண்டும். லாரி லோடுக்கு ஒரு கைப்பிடி கல்லை லேபுக்கு அனுப்புகிற செலவு, பிறகு குளத்தை மூடுகிற செலவில் தூசு. கொட்டுகிற பாறையில் மழை படாமல் மூடலாம். வடிகால் தண்ணீரைப் பறவைக்குக் கொடுக்குமுன் பரிசோதிக்கலாம். எல்லாமே தெரிந்த வைத்தியம்தான். அளக்கிற ஆபீஸும் வெட்டுகிற ஆபீஸும் பேசிக்கொள்ளவேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம்.

மாத்திரை டப்பா

என்ஷி இப்போது எப்படி இருக்கிறது? பிரமாதமாக. 'உலகின் செலினியத் தலைநகர்' என்று போர்டு வைத்துக்கொண்டு செலினியம் தேநீர், செலினியம் அரிசி என்று விற்கிறார்கள். நகம் கழன்ற ஊருக்கு ஆரோக்கியச் சுற்றுலா! கிண்டல் செய்வதற்கில்லை. செலினியம் குறைந்த மண் சீனாவிலேயே நிறைய இருக்கிறது. அளந்து விற்றால் அதுவும் மருந்துதான். 'அளந்து' என்ற வார்த்தைக்கு மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அடிக்கோடு உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான். 2008-ல் அமெரிக்காவில் ஒரு சத்து டானிக்கில் தயாரிப்புக் கோளாறு. லேபிளில் போட்டிருந்ததைவிட 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. வாங்கிக் குடித்தவர்களில் 200 பேருக்கு மேல் பேதி, மூட்டுவலி, நக உடைசல், முடி உதிர்வு. உடம்பைத் தேற்றப் போனவர்கள்!

நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் 'முடி வளர' என்று விற்கிற பல மாத்திரைகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் செலினியம் இருக்கும். தப்பில்லை, ஒரு மாத்திரையில் பெரும்பாலும் நாளைக்குத் தேவையான அளவுதான். ஆனால் முடிக்கு ஒன்று, ஜிம்முக்கு ஒன்று, மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த மல்டிவிட்டமின் ஒன்று என்று மூன்றையும் போடுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அமெரிக்கக் கணக்குப்படி தேவை 55 மைக்ரோகிராம், தாண்டக்கூடாத வரம்பு 400. நடுவில் ஏழு மடங்குதான் இடைவெளி. ஐரோப்பாவில் 2023-ல் வரம்பை 255 ஆகவே குறைத்துவிட்டார்கள். மூன்று டப்பாவின் எண்ணையும் ஒரு பேப்பரில் எழுதிக் கூட்டுங்கள். கூட்டல் கணக்குதான், கால்குலேட்டர்கூட வேண்டாம். எதற்கு மாத்திரை என்பதை டாக்டரைக் கேளுங்கள். அடுத்த சீட்டுக்காரரை அல்ல.

மற்றபடி, சீப்பில் தினம் வருகிற அந்த நாலு முடிக்குக் கல் காரணமில்லை. அப்பாவின் பழைய போட்டோவை எடுத்துப் பாருங்கள்.